கம்பளிப்புழுவும் புலி அந்தும்: ஒரு பூச்சியினத்தை இனங்கண்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

புலி அந்துகள் எனப்படும் வண்ண அந்துப்பூச்சிகள் உலகெங்கும் ஏறத்தாழ 11,000 இனங்களாகப் பரவியுள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவற்றை இனங்காணும் அறிவு இரு தனித்தனி வழிகளில் வளர்ந்தது. ஒன்று, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஊசியில் குத்தப்பட்ட சிறகுகளைக் கொண்டு உருவான வகைப்பாட்டறிவு. மற்றொன்று, புழுப் பருவத்தைக் கொண்டு வேளாண்குடிகள் பெற்ற வயலறிவு. இவ்விரு வழிகளின் வரலாற்றையும் அவை ஒன்றையொன்று சந்தித்த இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. களத்தில் உயிருடன் உள்ள புலி அந்துகளை இனங்காணப் பயன்படும் அடையாளங்களைத் தொகுத்துரைப்பதோடு, தமிழில் இதற்கான பெயரும் கலைச்சொல்லும் அமையவேண்டியதன் தேவையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: புலி அந்து, கம்பளிப்புழு, வகைப்பாட்டு வரலாறு, நீலகிரி, ஹாம்ப்சன், எச்சரிக்கை நிறம், கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

தமிழகத்தின் மானாவாரி நிலக்கடலை வயல்களில் பருவத்தின் முதல் நல்ல மழைக்குப் பின், அந்தி நேரத்தில் வெண்ணிற அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து திரளாக வெளிவருவதுண்டு. சில நாட்களில் இலைகளின் அடிப்புறத்தில் முட்டைக் குவியல்கள் தோன்றும். அதன்பின் செந்நிற மயிரடர்ந்த புழுக்கள் வயலை மேயத் தொடங்கும். உழவர் அப்புழுவைச் சிவப்புக் கம்பளிப்புழு என்பர். அதே உயிரியை விலங்கியலார் ஆம்சாக்டா ஆல்பிஸ்ட்ரைகா என்பர். இலத்தீன் மொழியில் ஆல்பிஸ்ட்ரைகா என்பது ‘வெண்கோடு’ எனப் பொருள்படும். அது சிறகின் அடையாளத்தைக் குறிப்பது.

ஓர் உயிரிக்கு அமைந்த இவ்விரு பெயர்களும் இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளியாகும். உழவர் புழுவைப் பார்த்துப் பெயரிட்டனர். அருங்காட்சியகத்தார் சிறகைப் பார்த்துப் பெயரிட்டனர். முன்னவர்க்குப் புழுவே பயிரைத் தின்னும் பகை. பின்னவர்க்குக் கப்பலேறி வந்து சேர்ந்தது சிறகு மட்டுமே. புலி அந்துகள் குறித்த அறிவின் வரலாறு இவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட தொலைவின் வரலாறே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. பெயர்களின் வரலாறு

1758ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில், ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் ஓர் அந்துப்பூச்சிக்குக் காஜா என்ற இனப்பெயரை லின்னேயஸ் வழங்கினார். பழுப்பும் வெண்மையும் பின்னிய முன்சிறகும், செம்மஞ்சள் நிறத்தில் கருநீலப் புள்ளிகள் கொண்ட பின்சிறகும் உடைய அப்பூச்சியே இன்று ஆர்க்டியா காஜா எனப்படுகிறது. ஆர்க்டியா என்ற பேரினப்பெயரை ஷ்ராங்க் 1802இல் அமைத்தார். கிரேக்க மொழியில் ‘ஆர்க்டோஸ்’ என்பது கரடியைக் குறிக்கும். மயிரடர்ந்த புழுவே அப்பெயருக்குக் காரணம். செருமானியர் இக்கூட்டத்தைக் கரடியோடு சேர்த்தே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் புழுவைக் ‘கம்பளிக்கரடி’ என்றும், சிறகு முளைத்ததைப் ‘புலி அந்து’ என்றும் அழைத்தனர். ஓர் உயிரி புழுவாகையில் கரடியாகவும் சிறகு பெற்றபின் புலியாகவும் பெயர் பெற்றமை, பெயரிடுவோர் எப்பருவத்தைக் கண்டனர் என்பதையே காட்டுகிறது.

தமிழ் வழக்கிலும் புழுவின் மயிரே பெயருக்கு அடிப்படையாயிற்று. கம்பளிப்பூச்சி, கம்பளிப்புழு என்பன தமிழகத்தில் பரவலான வழக்குகள். யாழ்ப்பாணத்தில் மயிர்க்கொட்டி என்பர்; ‘கொட்டி’ என்னும் பகுதி, தீண்டினால் ஏற்படும் அரிப்பையும் உடன் உரைக்கிறது. ஆனால் இப்பெயர்கள் புலி அந்துகளின் புழுக்களை மட்டும் குறிப்பன அல்ல. மயிருள்ள எல்லாப் புழுக்களுக்கும் பொதுவானவை. முதிர்ந்த பூச்சிக்கோ அந்து, விட்டில் என்னும் பொதுப்பெயர்கள் தவிரத் தனிப்பெயர் பரவலாக நிலைபெறவில்லை. எனவே இக்கட்டுரை ‘புலி அந்து’ என்னும் தொடரை இக்கூட்டம் முழுமைக்குமான கலைச்சொல்லாக ஆள்கிறது.

3. இலங்கையும் நீலகிரியும்: அருங்காட்சியக அறிவின் உருவாக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் தென்னிந்திய, இலங்கை அந்துப்பூச்சிகள் பற்றிய அடிப்படை நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஃபிரெடரிக் மூர் எழுதிய ‘இலங்கையின் செதிற்சிறகிகள்’ 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியாயிற்று. அந்நூலின் வண்ணப்படங்களுக்கு மூலமான ஓவியங்களைத் தீட்டியோர் சிங்கள ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த துவைட்ஸின் மேற்பார்வையில் அவர்கள் பணியாற்றினர். உயிருள்ள பூச்சியையும் அதன் புழுவையும் கண்டு வரைந்த கைகள் இலங்கையில் இருந்தன. பெயரிட்டு விவரித்த கை இலண்டனில் இருந்தது. இப்பணிப்பிரிவு அக்காலத்து இயற்கை வரலாற்றின் பொது இயல்பாகும்.

நீலகிரியின் கதை சற்று வேறுபட்டது. ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹாம்ப்சன் (1860–1936) தேயிலைத் தோட்டம் நடத்தும் நோக்கில் சென்னை மாகாணத்தின் நீலகிரி மலைக்கு வந்தவர். அங்கு வண்ணத்துப்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் ஈடுபாடு கொண்டு சேகரிக்கத் தொடங்கினார். இங்கிலாந்து திரும்பியபின் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, 1891இல் நீலகிரி மாவட்டச் செதிற்சிறகிகள் பற்றிய நூலையும் 1893இல் இலங்கையின் அந்துப்பூச்சிகள் பற்றிய நூலையும் வெளியிட்டார். இவை இரண்டும் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அந்துப்பூச்சி மாதிரி விளக்கப்பட வரிசையில் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளாக அமைந்தன. தொடர்ந்து, பிளான்ஃபோர்டு பதிப்பித்த ‘பிரித்தானிய இந்திய விலங்கினங்கள்’ வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கான நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை எழுதினார். புலி அந்துகள் 1894இல் வந்த இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றன.

ஹாம்ப்சனின் முறையை மதிப்பிடுகையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அவர் சிறகு நரம்புகளின் அமைவை அடிப்படையாகக் கொண்டு திறவுகோல் அட்டவணைகளை அமைத்தார். நிறம் மாறக்கூடியது, நரம்பு எளிதில் மாறாதது. ஆகவே அடிப்படை வகைப்பாட்டிற்கு இம்முறை உறுதி தந்தது. இரண்டாவது, அம்முறையைப் பின்பற்றப் பூச்சியைக் கொன்று, சிறகை விரித்து, தேவையானால் செதில்களை நீக்கிப் பார்க்கவேண்டும். உயிருள்ள பூச்சி இலைமேல் எவ்வாறு அமரும், தீண்டினால் என்ன செய்யும், எச்செடியை நாடும் என்பன அட்டவணையின் படிநிலைகளுக்குள் நுழையவில்லை. நீலகிரியின் இரவுகளைத் தானே கண்டறிந்த ஒருவர் எழுதிய அட்டவணையிலும் அவ்விரவுகள் இடம்பெறாமை, அவர் குறையன்று. அக்கால அறிவுமுறையின் எல்லையாகும்.

4. வயலில் வளர்ந்த அறிவு

அருங்காட்சியக அறிவு சிறகில் தொடங்கியது என்றால், வேளாண் பூச்சியியல் புழுவில் தொடங்கியது. சென்னை மாகாண அரசுப் பூச்சியியலாளராய் இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், டி.வி. இராமகிருஷ்ண அய்யர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடும் இத்துறையின் அடித்தளங்கள். சிறகு, முட்டை, புழு, கூட்டுப்புழு, உணவுச்செடி, பருவம் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் இணைத்து நோக்கும் முறை இவ்வகை நூல்களில் உறுதிப்பட்டது. இனப்பெயர் இலண்டனிலிருந்து வந்தது. வாழ்க்கை வரலாறோ வயலிலிருந்து வந்தது.

சிவப்புக் கம்பளிப்புழுவைக் கட்டுப்படுத்த இன்றும் பரிந்துரைக்கப்படும் முறைகள் இவ்வாழ்க்கை வரலாற்றை நுணுகி அறிந்ததன் பயன்களே. கூட்டுப்புழு ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கிறது. எனவே கோடை உழவு அதை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படுத்துகிறது. பூச்சிகள் மழைக்குப் பின் ஒருசேர வெளிவருகின்றன; எனவே விளக்குப்பொறியும் தீமூட்டலும் பயன்தருகின்றன. முட்டைகள் குவியலாக இடப்படுகின்றன. எனவே இலையோடு கிள்ளி அழிக்கலாம். வளர்ந்த புழுக்கள் வயல்விட்டு வயல் கூட்டமாக நகர்கின்றன. எனவே வரப்போரம் பள்ளம் தோண்டித் தடுக்கலாம். இந்நான்கு முறைகளும் நான்கு பருவங்களின் இயல்பை அறிந்தாலன்றித் தோன்றியிரா.

ஆயினும் இவ்வறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பயிரை அழிக்கும் சில இனங்களின் அனுபவம் மயிருள்ள எல்லாப் புழுக்களின் மேலும் ஏற்றப்பட்டது. கம்பளிப்பூச்சி என்ற பொதுப்பெயர், அழிக்கத்தக்கது என்ற பொதுத்தீர்ப்பாயிற்று. பாசியையும் கற்பாசியையும் உண்டு வாழும் லித்தோசினி பிரிவின் புழுக்கள் பயிருக்குத் தீங்கு செய்வன அல்ல. அவற்றுக்கும் தனிப்பெயர் இல்லாமையால் தனி மதிப்பும் இல்லை. பெயரின்மை வெறும் மொழிக்குறை அன்று. அது உயிரிகளின் மீதான நடத்தையைத் தீர்மானிக்கிறது.

5. வகைப்பாட்டில் நேர்ந்த மாற்றங்கள்

புலி அந்துகளைத் தனிக்குடும்பமாகக் கொள்ளும் மரபு 1815இல் லீச் என்பாரிடம் தொடங்குகிறது. ஹாம்ப்சன் அக்குடும்பத்துள் இன்று நோலிடே எனத் தனித்து நிற்கும் கூட்டத்தையும் அடக்கினார்; மறுபுறம், குளவி போன்ற தோற்றமுடைய சின்டோமினி கூட்டத்தைத் தனிக்குடும்பமாகப் பிரித்து முதல் தொகுதியில் வைத்தார். பின்வந்தோர் நோலிடேயை விலக்கினர், சின்டோமினியைச் சேர்த்தனர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகள், புலி அந்துக் குடும்பம் முழுவதுமே எரிபிடே என்னும் பெருங்குடும்பத்தின் கிளை எனக் காட்டின. இன்று அது ஆர்க்டீனே என்னும் துணைக்குடும்பமாகக் கொள்ளப்படுகிறது.

இம்மாற்றங்கள் களத்தில் நிற்பவருக்குத் தரும் பாடம் ஒன்றுண்டு. பழைய நூலொன்றில் ஒரு பூச்சியைத் தேடுவோர் இன்றைய பெயரைக் கொண்டு தேடினால் ஏமாறுவர். சின்டோமினியை முதல் தொகுதியிலும் லித்தோசினியை இரண்டாம் தொகுதியிலும் தேடவேண்டும். வகைப்பாட்டு வரலாற்றை அறிவது நூலகத்தார்க்கு மட்டுமன்றிக் களப்பணியாளர்க்கும் கருவியாகிறது.

6. களத்தில் இனங்காணல்

தென்னிந்தியாவில் எளிதில் காணத்தக்க புலி அந்துகள் சிலவற்றின் அடையாளங்கள் கீழே தொகுக்கப்படுகின்றன. கொல்லாமல் இனங்காண, முன்சிறகு, பின்சிறகு, வயிற்றின் நிறம், அமரும் நிலை, அருகிலுள்ள செடி ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்வது நலம். முன்சிறகு மட்டும் தெரியும் நிழற்படம் பலவேளைகளில் போதாது. வயிற்றின் நிறமும் பின்சிறகும் மறைந்தே இருக்கும்.

யூட்டெதைசா: வெண்மையான முன்சிறகில் சிவப்பும் கருப்புமான புள்ளிகள் மாறிமாறி அமைந்திருக்கும். பகலிலும் புல்வெளியில் எழுந்து பறக்கும். கிலுகிலுப்பை, சணப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளின் அருகே தேடலாம். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட புல்கெல்லா என்னும் இனத்தையும், ஹாம்ப்சன் 1907இல் பெயரிட்ட புல்கெல்லாய்டஸ் என்னும் இனத்தையும் நிழற்படத்தால் மட்டும் பிரிப்பது அரிது. அத்தகைய இடத்தில் பேரினப்பெயரோடு நிறுத்துவதே நேர்மை.

ஆர்ஜினா ஆஸ்ட்ரியா: செம்மஞ்சள் நிறம், முன்சிறகில் வெளிர்வளையம் சூழ்ந்த கரும்புள்ளிகள். இதன் புழுவும் கிலுகிலுப்பையை உண்பது.

கிரியாட்டோநோட்டஸ் காங்கிஸ்: லின்னேயஸ் 1763இல் பெயரிட்டது. வெளிறிய முன்சிறகில் கருங்கோடுகள். வயிறு பெரும்பாலும் சிவப்பு. ஆண்பூச்சி வயிற்று நுனியிலிருந்து மயிரடர்ந்த நான்கு குழல்களை ஊதி விரித்து மணம் பரப்பும். அக்குழல்களின் அளவு, புழுப் பருவத்தில் உண்ட செடியின் நச்சுப்பொருளைப் பொறுத்தது என்பது 1980களில் நிறுவப்பட்டது.

ஒலெப்பா ரிசினி: பழுப்பு முன்சிறகில் கரும்புள்ளிகள்; இளஞ்சிவப்புப் பின்சிறகில் பெருங்கருந்திட்டுகள். ஆமணக்கு இதன் அறியப்பட்ட உணவுச்செடி. இனப்பெயரும் ஆமணக்கின் இலத்தீன் பெயரிலிருந்தே வந்தது.

ஆம்சாக்டா: ஆல்பிஸ்ட்ரைகாவின் முன்சிறகு முன்விளிம்பில் மஞ்சள் பட்டை ஓடும், மூரேய் என்னும் இனத்தில் அப்பட்டை சிவப்பாக இருக்கும். இரண்டிலும் பின்சிறகு வெண்மை, கரும்புள்ளிகள் உண்டு.

அமாட்டா பாசாலிஸ்: கரிய சிறகில் கண்ணாடி போன்ற ஒளிபுகும் பகுதிகள், உடலில் வண்ணப்பட்டைகள். பகலில் மெதுவாகப் பறக்கும். குளவி எனப் பலரும் மயங்குவர். இதன் புழு சந்தன மரத்தின் இலைகளை உண்பது.

சயானா: வெண்சிறகில் செங்கோடுகள் கொண்ட சிற்றினங்கள். இவற்றின் புழு தன் உடல் மயிர்களையே கொண்டு கூண்டு போன்ற வலைக்கூடு கட்டி அதன் நடுவில் கூட்டுப்புழுவாகிறது. கூட்டைக் கண்டே பேரினத்தைக் கூறிவிடலாம்.

மயக்கந்தரும் கூட்டம் ஒன்றையும் சுட்டவேண்டும். மஞ்சள் வயிறுடைய அசோட்டா பேரினத்தைப் பலரும் புலி அந்து எனக் கொள்கின்றனர். ஹாம்ப்சன் அதனை ஹிப்சிடே என்னும் வேறு குடும்பத்தில் வைத்தார். இன்று அது எரிபிடேயின் மற்றொரு துணைக்குடும்பம். உறவுடையது, ஆயினும் புலி அந்து அன்று.

7. நிறமும் நஞ்சும் ஒலியும்: நயத்தலின் அடிப்படை

புலி அந்துகளின் வண்ணம் கண்ணுக்கு இன்பம் தருவதால் மட்டும் நயக்கத்தக்கதன்று. அது ஒரு செய்தி. கண்ணில் படும் நிறமுடைய புழுக்கள் ஏன் அழியாமல் வாழ்கின்றன என டார்வின் எழுப்பிய ஐயத்திற்கு, அந்நிறம் தீச்சுவையின் அறிவிப்பு என 1867இல் வாலஸ் விடை கூறினார். ஜென்னர் வெயர் பறவைகளுக்குப் புழுக்களை அளித்துச் செய்த சோதனைகள் 1869இல் அதற்கு வலுவூட்டின. எச்சரிக்கை நிறம் என்னும் கருத்துக்குப் பூல்டன் 1890இல் கலைச்சொல் அமைத்தார். ஆர்க்டியா காஜாவின் உடலில் நச்சியல்புடைய கோலின் எஸ்டர் இருப்பதை மிரியம் ராத்ஸ்சைல்டும் உடன் ஆய்வாளரும் 1960இல் வெளியிட்டனர். கிலுகிலுப்பையின் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளைப் புழு உண்டு சேமிப்பதையும், ஆண்பூச்சி அதனைப் புணர்ச்சியின்போது பெண்ணுக்கும் அதன்வழி முட்டைக்கும் அளிப்பதையும் அமெரிக்க யூட்டெதைசா இனத்தில் ஐஸ்னரும் மெயின்வால்டும் விளக்கினர். அப்பூச்சி தன் வலையில் விழுந்தால் சிலந்தியே இழைகளை அறுத்து விடுவிக்கிறது.

இருளில் நிறம் பயன்படாது. அங்கு ஒலி அப்பணியைச் செய்கிறது. புலி அந்துகள் பலவற்றின் மார்பின் பக்கவாட்டில், வளைந்து நிமிர்கையில் ஒலியெழுப்பும் தகடு ஒன்றுண்டு. அவ்வொலியைக் கேட்ட வௌவால்கள் இரையை விட்டு விலகுவதை டன்னிங், ரோடர் ஆகியோர் 1965இல் காட்டினர். பெர்த்தோல்டியா டிரைகோனா என்னும் இனம் வௌவாலின் எதிரொலி உணர்வையே குலைப்பதைக் கார்கோரன், பார்பர், கோனர் ஆகியோர் 2009இல் நிறுவினர். அமெரிலா பேரினத்துப் பூச்சிகள் தீண்டப்பட்டால் மார்பிலிருந்து நுரை தள்ளுகின்றன. இவை அனைத்தும் உயிருள்ள பூச்சியிடம் மட்டுமே காணத்தக்கவை. பெட்டியில் உள்ள மாதிரியில் நிறம் எஞ்சலாம். நுரையும் ஒலியும் மணமும் எஞ்சுவதில்லை.

8. ஒரே விளக்கு, இரு நோக்கங்கள்

மழைக்குப் பின் நிலக்கடலை வயலோரம் எரியும் விளக்குப்பொறியும், வெண்துணி விரித்து அந்துப்பூச்சிகளைக் காணும் ஆர்வலரின் விளக்கும் ஒரே இயல்பைப் பயன்படுத்துகின்றன. ஒன்று அழிக்க, மற்றொன்று அறிய. ஆனால் முன்னதும் அறிவைத் தரவல்லது என்பதற்கு இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுநிலையம் சான்று. அங்கு 1933இல் விளக்குப்பொறி ஆய்வு தொடங்கியது. 1968 முதல் அது நாடு தழுவிய வலையமைப்பாயிற்று. அப்பொறிகளில் விழுந்த பூச்சிகளை ஆண்டுதோறும் எண்ணிவந்ததாலேயே, ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட ஆர்க்டியா காஜா 1980களின் நடுப்பகுதிக்குப் பின் கடுமையாகக் குறைந்தது என 2002இல் உறுதியாகக் கூற முடிந்தது. பொதுவான பூச்சி என்பதால் எண்ணாமல் விட்டிருந்தால் அதன் மறைவும் தெரியாமல் போயிருக்கும்.

நம் வயல்களின் விளக்குப்பொறிகளில் விழுவன பயிர்ப்பகைகள் மட்டுமல்ல. சயானாவும் யூட்டெதைசாவும் கிரியாட்டோநோட்டஸும் அவற்றில் விழக்கூடும். அவற்றை இனம்பிரித்து எண்ணும் பயிற்சி வேளாண் கல்லூரிகளிலும் விலங்கியல் துறைகளிலும் அமைந்தால், கட்டுப்பாட்டுக் கருவியே கணக்கெடுப்புக் கருவியாகவும் அமையும். அதற்கு முதல் தேவை, பொறியில் கிடப்பதைக் காண்போர் தம் மொழியில் பெயர்சொல்லி எழுத இயலுதல்.

9. முடிவுரை

புலி அந்துகளை இனங்கண்ட வரலாற்றில் மூன்று நிலைகள் புலப்படுகின்றன. சிறகைக் கொண்டு பெயரிட்ட அருங்காட்சியக நிலை. புழுவைக் கொண்டு வாழ்க்கை வரலாறு அறிந்த வயல் நிலை. நஞ்சு, ஒலி, மணம் ஆகியவற்றைக் கொண்டு உயிரியின் நடத்தையை அறிந்த ஆய்வக நிலை. களத்தில் இனங்காணல் என்பது இம்மூன்றையும் ஒருங்கிணைக்கும் செயலாகும்.

தமிழுக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, இக்கூட்டத்தின் இனங்களுக்கு உணவுச்செடி, நிறம், நடத்தை ஆகியவற்றின் அடிப்படையில் தமிழ்ப்பெயர்களை அமைத்தல். கிலுகிலுப்பை அந்து, ஆமணக்கு அந்து, கூண்டு அந்து போன்ற பெயர்கள் காண்போர்க்குத் தேடும் இடத்தையும் உடன் காட்டும். மற்றொன்று, கம்பளிப்புழு குறித்து உழவர்கள் வட்டாரந்தோறும் வழங்கும் சொற்களையும் செய்திகளையும் மறைவதற்கு முன் தொகுத்தல். நீலகிரியின் பூச்சிகளைக் கற்க நூற்றாண்டுக்கு முந்திய ஆங்கில நூல்களையே முதன்மையாகச் சார்ந்திருக்கும் நிலை இவ்விரு பணிகளால் மாறும். வெண்கோட்டையும் செம்மயிரையும் ஒரே உயிரியின் அடையாளங்களாகக் காணும் கல்வியே அதன் தொடக்கமாக அமையவேண்டும்.